கேமரா லென்ஸை கடையில வாங்கலாமா ஆன்லைன்லயா?
புது லென்ஸ்னா விலையை மட்டும் பார்க்காதீங்க, வாரண்டி யார் தர்றாங்கன்னு முதல்ல கேளுங்க. ஆன்லைன்ல ரொம்பவே கம்மியா போட்டிருந்தா அது கிரே மார்க்கெட் சரக்கா (கம்பெனியோட அதிகாரப்பூர்வ டீலர் வழியா வராதது) இருக்கலாம், லென்ஸ் ஒரிஜினல்தான் ஆனா கம்பெனி வாரண்டி பல சமயம் செல்லாது, வித்தவரைத்தான் தேடிப் போகணும்.

கடையில இருக்குற பெரிய வசதி, வாங்குறதுக்கு முன்னாடியே கையில எடுத்துப் பார்க்கலாம். உங்க கேமரா பாடியை எடுத்துட்டுப் போங்க, அபர்ச்சரை (லென்ஸ்ல வெளிச்சம் உள்ள வர்ற துவாரம்) முழுசா திறந்து வச்சு ஒரு தட்டையான போஸ்டரையோ செங்கல் சுவரையோ நேரா நின்னு படம் எடுத்து, அந்தப் படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, ஒரு மூலை மட்டும் மங்கலா வந்தா உள்ள கண்ணாடி சாஞ்சிருக்க வாய்ப்பிருக்கு, வேற பீஸ் கேளுங்க (கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கினாலும் பரவால்ல).

பழைய லென்ஸ்னா மொபைல் டார்ச்சை பின்பக்கமா அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா அது ஃபங்கஸ் (பூஞ்சை), எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வேணாம். நாலு தூசி இருந்தா ஒண்ணும் ஆகாது, படத்துல தெரியாது.

ஆன்லைன்தான்னு முடிவு பண்ணிட்டா ரிட்டர்ன் எத்தனை நாள்னு பார்த்துட்டு ஆர்டர் போடுங்க, பெட்டி பிரிக்கிறப்ப வீடியோ எடுத்துக்கோங்க, சீரியல் நம்பர் பெட்டியிலயும் லென்ஸ்லயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, மேல சொன்ன போஸ்டர் டெஸ்டை வந்த அன்னைக்கே பண்ணிடுங்க.