ஒரு ஏ4 தாள்ல பிள்ளையோட சொந்தக் கதைப்புத்தகம்

நாலஞ்சு வயசுப் பிள்ளையிட்ட கொப்பியக் குடுத்து "கதை எழுது" எண்டா அது பாவம் முழிக்கும், அதால முதல்ல படம் கீற விடுங்க, எழுத்து பிறகு வரும். ஏ4 தாள மூண்டு தரம் பாதி பாதியா மடிச்சு விரிச்சா 8 கட்டம் வரும். இப்ப குறுக்கால பாதியா மடிச்சு, மடிப்புப் பக்கத்தில இருந்து நடுக்கோட்டால அடுத்த மடிப்பு வரைக்கும் மட்டும் வெட்டுங்க (கத்தரிக்கோல் உங்கட கையில இருக்கட்டும்), பிறகு விரிச்சு நீளவாட்டில மடிச்சு ரெண்டு முனையையும் உள்ளுக்குத் தள்ளினா குட்டிப் புத்தகம் ரெடி, பசையும் வேணாம் ஸ்டேப்ளரும் வேணாம்.

கதைக்கு எங்கயும் தேட வேணாம். திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள நிக்கிற மானே போதும்: இதுக்கு என்ன பேர், எங்க போகுது, ஆர் மறிச்சது, பிறகு? திருகோணமலைக்குக் கிட்ட கன்னியாவில 7 வெந்நீர்க் கிணறு இருக்குதானே, முன்அட்டைய விட்டா மிச்சமும் 7 பக்கம், பக்கத்துக்கு ஒரு கிணறு, ஒவ்வொண்டிலயும் ஆர் குளிக்கினம் எண்டு கேட்டுப் பாருங்க!

பிள்ளை சொல்றத சொன்னபடியே படத்துக்குக் கீழ எழுதுங்க. "மான் பஸ்ஸில ஏறிப் போயிட்டு" எண்டா அப்பிடியே எழுதுங்க, மான் நீலக் கலர் எண்டாலும் தயவுசெய்து திருத்தாதீங்க. எழுத்துப் பழகின பிள்ளை எண்டா பக்கத்துக்கு ஒரு சொல்ல தானா எழுதட்டும். அட்டையில பிள்ளையிட பேர் பெரிசா இருக்கோணும், அது கட்டாயம். ராவைக்கு அம்மம்மாக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.