டிரேடிங் கார்டுக்கு நியாய விலை பார்ப்பது எப்படி?

போக்கிமான், மேஜிக், யுகியோ, எந்தக் கார்டாக இருந்தாலும் சரி, இணையத்தில் பெயரைத் தட்டினால் ஒரே கார்டுக்குப் பத்து விதமான விலை வந்து நிற்கும். அதில் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று நான் பின்பற்றும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். ஈபேயில் தேடுவது, கார்டை உறையில் போட்டு வைப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தக் கார்டு என்று உறுதிசெய்யுங்கள்

விலையில் வரும் குளறுபடி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் நிதானமாகப் போவோம்.

போக்கிமானின் சாரிசார்ட் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் ஆங்கிலத்தில் வந்த பேஸ் செட்டில் (செட் என்றால் ஒன்றாக வெளியிடும் கார்டுத் தொகுப்பு) அதன் எண் 4/102. 2000-இல் வந்த பேஸ் செட் 2-இல் அதே படம், எண் மட்டும் 4/130. 2016-இன் எவல்யூஷன்ஸில் பழைய வடிவமைப்பிலேயே ஒன்று வந்தது, அது 11/108. அப்படியானால் எண்ணைப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். போதாது. 2021-இல் வந்த செலிப்ரேஷன்ஸ் மறுபதிப்பிலும் 4/102 என்றே அச்சிட்டிருக்கிறார்கள். 25ஆம் ஆண்டு நினைவு முத்திரை இருந்தால் அது மறுபதிப்பு. இரண்டின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அசல் பேஸ் செட்டுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. படத்துக்குக் கீழே இடப்பக்கம் ஃபர்ஸ்ட் எடிஷன் (முதல் அச்சு) முத்திரை இருக்கிறதா? படச்சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்கிறதா? முத்திரையும் இல்லை, நிழலும் இல்லை என்றால் ஷேடோலெஸ் (நிழலற்ற ஆரம்ப அச்சு). நிழல் இருந்தால் பெரும்பாலும் அன்லிமிடெட் (பிறகு ஏராளமாக வந்த அச்சு). கண்ணுக்குப் பிடிபடவில்லையா, அடியில் உள்ள காப்புரிமை வரியைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். ஷேடோலெஸில் "1995, 96, 98, 99" என்று இருக்கும். அன்லிமிடெட்டில் அந்த வரிசையின் கடைசி 99 இருக்காது. அதே வரியில் "1999-2000" என்று பார்த்தால் அது பிறகு வந்த இன்னொரு அச்சு, ஷேடோலெஸ் அல்ல.

முத்திரையைக் கண்டதும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அதே செட்டின் மச்சாம்ப் கார்டு, இருவர் விளையாடும் ஸ்டார்டர் பெட்டியில் ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரையோடுதான் வந்தது. அதனால் முத்திரை போட்ட மச்சாம்ப் ஏராளம். "ஃபர்ஸ்ட் எடிஷன், அரிது" என்று ஊர்ப்பட்ட விலை சொல்பவர்கள் அதிகம் கையில் வைத்திருப்பதும் இதைத்தான்.

மொழி, ஹோலோவா (படம் மினுங்குவது) ரிவர்ஸ் ஹோலோவா (படத்தைத் தவிர மற்ற இடம் மினுங்குவது) என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேஜிக் என்றால் ஃபாயிலா (மினுங்கும் அச்சு) இல்லையா என்பதையும்.

படி 2: நிலையைக் கறாராக மதிப்பிடுங்கள்

கார்டை உறையிலிருந்து எடுத்து, ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் தெரியாத ஹோலோ கீறலும் நக அழுத்தமும் சாய்க்கும்போது பளிச்சென்று தெரியும். பிறகு பின்பக்கம்: விளிம்பில் (போக்கிமானில் அது நீலம்) வெள்ளைப் புள்ளிகள் எத்தனை, மூலை மழுங்கியிருக்கிறதா. மடிப்பு இருந்தால், முன்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் விலை அடிமட்டத்துக்குப் போய்விடும்.

தளத்துக்குத் தளம் நிலையின் பெயர் மாறும். கார்டு விற்கும் அமெரிக்கத் தளமான டிசிஜிபிளேயரில் நியர் மின்ட்டுக்கு (ஏறக்குறையப் புதிது) அடுத்தது லைட்லி பிளேய்ட் (லேசாகப் பயன்பட்டது). ஐரோப்பியத் தளமான கார்டுமார்க்கெட்டில் நியர் மின்ட்டுக்கு அடுத்தது எக்ஸலன்ட், அதற்கடுத்தது குட், அதற்கும் கீழேதான் லைட் பிளேய்ட். ஒரு தளத்தின் "லைட்" விலையை இன்னொரு தளத்தின் "லைட்" விலையோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இரண்டு நிலைகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் நான் கீழே உள்ளதைத்தான் எடுப்பேன். வாங்குபவர் எப்படியும் அதைத்தான் சொல்லப்போகிறார்.

படி 3: விற்ற விலையை எடுங்கள்

பட்டியலில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. ஈபேயில் "சோல்ட் ஐட்டம்ஸ்" வடிகட்டியைப் போட்டால்தான் உண்மையில் கைமாறியவை வரும். அதில் ஏறக்குறைய கடைசி 90 நாள் விற்பனை கிடைக்கும். விலையின் மேல் கோடு அடித்திருந்தால், விற்பவர் "பெஸ்ட் ஆஃபரை" ஏற்று அதைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பழைய எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையில் முடிந்த தொகையைப் பார்க்க 130பாயின்ட் என்ற தளம் எனக்குப் பிடித்தது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

அடுத்து, அதே கார்டு, அதே நிலை, அதே மொழி உள்ள விற்பனைகளை மட்டும் பொறுக்குங்கள். தலைப்பை நம்பாமல் படத்தைத் திறந்து பார்ப்பது முக்கியம். அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். உதாரணமாக ஏழு விற்பனை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்: 82, 85, 88, 90, 91, 94, 160. சராசரி போட்டால் 98-ஐத் தாண்டிவிடும். வரிசையின் நடுவில் நிற்கும் 90-தான் சந்தையைச் சொல்கிறது. அந்த 160 இரண்டு பேர் ஏலத்தில் வீம்புக்கு ஏற்றியதாக இருக்கலாம், பணமே கட்டாமல் போன விற்பனையாகவும் இருக்கலாம். நான் 85 முதல் 94 வரை நியாயம் என்று எடுத்துக்கொள்வேன்.

டிசிஜிபிளேயரின் "மார்க்கெட் பிரைஸ்" நடந்த விற்பனைகளை வைத்து வருவது. தினமும் விற்கும் கார்டுக்கு அது அருமை. எப்போதாவது விற்கும் கார்டுக்கு அந்த எண் பழசாகவே கிடக்கும், நம்ப வேண்டாம். பிரைஸ்சார்ட்டிங் என்ற விலைப் பதிவுத் தளத்தின் வரைபடத்தைப் போக்கு தெரிந்துகொள்ள மட்டும் பார்ப்பேன்.

படி 4: காலத்தைக் கவனியுங்கள்

புது செட் வெளியான முதல் சில நாள் விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெட்டிகள் பிரியப் பிரிய வரத்து கூடி விலை இறங்குவதுதான் வழக்கம். மறுபதிப்பு அறிவிப்பு வந்தாலும் அப்படியே. மேஜிக்கில் 1996 முதல் ரிசர்வ்டு லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவற்றை மறுபடி அச்சிடமாட்டோம் என்பது நிறுவனத்தின் வாக்கு. அதனால் அவற்றின் கணக்கே தனி.

படி 5: கிரேடு போட்ட கார்டு

பிஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டின் நிலைக்கு 10 வரை மதிப்பெண் (கிரேடு) போட்டு, ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும். பிஎஸ்ஏ 10 விற்ற விலையைக் காட்டி, உறையில் கிடக்கும் சாதாரணக் கார்டுக்குப் பேரம் பேசுவது ரொம்ப சகஜம். ஏற்காதீர்கள். 9-க்கும் 10-க்கும் நடுவிலேயே பல மடங்கு இடைவெளி இருக்கலாம். கிரேடு போடாத கார்டை கிரேடு போடாத கார்டோடுதான் ஒப்பிட வேண்டும். பெக்கெட்டின் 9.5-ஐயும் பிஎஸ்ஏவின் 10-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் வேண்டாம். இரண்டும் தனித்தனிச் சந்தை. வாங்குவதற்கு முன் ஸ்லாபில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் அங்கே படம் இருந்தால் கையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் அசல் எண்ணைத் திருடிப் போலி ஸ்லாப் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: "என் கார்டு அதே நிலையில் 90 நாளில் ஒன்றுகூட விற்கவில்லை, என்ன செய்வது?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதே செட்டில், அதே அளவு அரிதான, நன்றாக விற்கும் இன்னொரு கார்டை எடுத்து, அதன் நியர் மின்ட் விலைக்கும் லைட்லி பிளேய்ட் விலைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். உங்கள் கார்டு வேறு ஏதாவது நிலையில் விற்றிருந்தால் அந்த விகிதத்தை அதற்குப் பொருத்தலாம். எந்த நிலையிலும் விற்கவில்லை என்றால் விற்பவர்களுக்கான ஈபே கருவியான ப்ராடக்ட் ரிசர்ச்சில் 90 நாளுக்கும் பழைய விற்பனைகள் கிடைக்கும். அந்த விலைக்குப் பிறகு அதே செட்டின் மற்ற கார்டுகள் ஏறினவா இறங்கினவா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடையில் கொடுத்தால் ஏன் பாதியாகக் கேட்கிறார்கள் என்ற புலம்பல். கடைக்காரர் அதை மறுபடி விற்க வேண்டும், அதுவரை பணம் முடங்கும். அதனால் சந்தை விலை அங்கே கிடைக்காது. நேரடியாக இன்னொரு சேகரிப்பாளருக்குக் கொடுத்தால் தளத்தின் கமிஷன் மிச்சம். அந்த மிச்சத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு விலை பேசுங்கள். 90-க்குப் போகும் கார்டில் கமிஷன் 12 என்றால் 84-க்கு முடிக்கலாம்.