குட்டை முடி மேய்ச்சல் நாயைச் சீவிப் பராமரிக்கும் முறை

ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் போன்ற மேய்ச்சல் நாய்களுக்கு முடி குட்டைதானே என்று பராமரிப்பை விட்டுவிடக் கூடாது. விறைப்பான மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல அடர்ந்த உள்முடி இருக்கிறது, வீடெங்கும் உதிர்வது பெரும்பாலும் அதுதான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வெயிலுக்குப் பயந்து மொட்டையடித்துவிடுவோரும் உண்டு. அதைச் செய்யவே வேண்டாம்; வெயில் நேரே தோலில் படாமல் தடுப்பது அந்த மேல்முடியே.

வாரம் ஒரு முறையும், முடி கொட்டும் பருவத்தில் தினமும், முதலில் ரப்பர் பிரஷால் வட்டமாகத் தேய்த்து உள்முடியைத் தளர்த்திய பின், கம்பி பிரஷை அழுத்தாமல் முடி படிந்த திசையில் இழுக்க வேண்டும். பிடரியிலும் பின்தொடையிலும் முடி கொத்தாக வரும். அங்கே விரலால் முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் தோலைப் புண்ணாக்கும்.

குளியல் எப்போதாவது போதும், அதுவும் சீவிய பிறகே. நமக்கான ஷாம்பு ஆகாது. தென்மேற்குப் பருவமழையில்தான் கூடுதல் கவனம் தேவை: மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்முடி ஈரமாகவே இருந்து அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும் என்பதால், துண்டால் ஒற்றி, மின்விசிறிக்கடியில் நிறுத்தி, தோல் வரை விரல்விட்டுப் பார்த்த பின்பே படுக்கவிட வேண்டும்.