கத்தோலிக்கப் பள்ளியில் முன்னாள் மாணவர் சந்திப்பு: முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் "இந்த வருஷம் எல்லாரும் ஸ்கூல்ல கூடலாமே" என்று எழுதுவார். கட்டைவிரல்கள் குவியும். அப்புறம் வேலை முழுவதும் இரண்டு மூன்று பேர் தலையில் விழும். அந்த இரண்டு மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூடிப் பேசிக் கலைவது மட்டும் என்றால் பெரிய கஷ்டம் இல்லை. சாதித்த முன்னாள் மாணவர்களைக் கௌரவிப்பதும் சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

படி 1: பள்ளியிடம் பேசுங்கள்

அரங்கம் தேடுவதற்கு முன் தாளாளரையும் தலைமையாசிரியரையும் போய்ப் பாருங்கள். பள்ளியை நடத்துவது மறைமாவட்டமா (ஆயரின் நிர்வாகம்), துறவற சபையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி யாரிடம் வாங்குவது என்பது அதைப் பொறுத்தது. சபைப் பள்ளி என்றால் உங்களுக்குப் பாடம் எடுத்த அருட்தந்தையோ அருட்சகோதரியோ இப்போது எங்கே இருக்கிறார் என்பது புரொவின்ஷியல் இல்லத்தில், அதாவது சபையின் மாநிலத் தலைமையகத்தில், விசாரித்தால் தெரிந்துவிடும்.

படி 2: தேதி

பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழாவை ஒட்டி வைப்பது வழக்கம். ஆனால் திருவழிபாட்டு நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். தொன் போஸ்கோ திருவிழா ஜனவரி 31. தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், அதற்கு முன் தொடங்குவதே இல்லை, தாராளமாக வைக்கலாம். புனித சூசையப்பர் திருவிழா மார்ச் 19. எந்த ஆண்டானாலும் அது தவக்காலத்துக்குள்தான் வரும். பெருவிழா என்பதால் திருப்பலிக்கு (பூசைக்கு) தடையில்லை. ஆனாலும் தடபுடலான விருந்துக்குப் பங்குத்தந்தை முகம் சுளிக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அந்த நாள் விழுந்தால் பெருவிழாவே வேறு தேதிக்கு மாறிவிடும்; 2008-இல் மார்ச் 15-க்கு மாறியது. சூசையப்பரின் பெயரிலுள்ள பள்ளிகளுக்கு, தொழிலாளரான சூசையப்பரை நினைவுகூரும் மே 1 நல்ல மாற்று. புனித ஜான் பாப்திஸ்து தெ லசாலின் பெயரிலுள்ள பள்ளிகள், பெரும்பாலும் தவக்காலத்தையோ ஈஸ்டரையோ ஒட்டி வரும் அவருடைய திருவிழாவான ஏப்ரல் 7-ஐ விட்டு மே 15-ஐ எடுத்துக்கொள்ளலாம். 1950-இல் அதே நாளில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

படி 3: ஆட்களைத் தேடுங்கள்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு ஆண்டு அணிக்கும் ஒரு பொறுப்பாளரைப் பிடியுங்கள்; அவர் தன் வகுப்புத் தோழர்களைத் தேடிக் கொடுப்பார். பத்தாவதில் தோற்றுப் படிப்பை நிறுத்தியவர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களும் முன்னாள் மாணவர்கள்தானே.

இறந்தவர்களின் பட்டியலைத் தனியாகத் தயாரித்து, குடும்பத்தாரிடமே உறுதி செய்யுங்கள். குழுவில் வந்த தகவலை நம்பி திருப்பலி மன்றாட்டில் (வேண்டுதலில்) பெயரை வாசித்துவிட்டு, அந்த ஆளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

படி 4: யாரைக் கௌரவிப்பது

பெயர்களைப் பேசுவதற்கு முன் தகுதிகளை எழுதி முடியுங்கள். முதலில் பெயர்கள் வந்துவிட்டால், அந்தப் பெயர்களுக்கு ஏற்றபடிதான் தகுதிகள் தைக்கப்படும். பெரிய பதவி, பெரிய நன்கொடை என்று இருப்பவர்கள் தானாகவே மேலே வந்து நிற்பார்கள்.

1973 ஜூலை 31 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில், இயேசு சபைப் பள்ளிகளின் ஐரோப்பிய முன்னாள் மாணவர் மாநாட்டில் சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே பேசினார். உங்களை நீதிக்காக வாழப் பழக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். மேடையில் யாரை ஏற்றுவது என்று யோசிக்கும் குழு அந்தப் பேச்சை ஒருமுறை படித்துவிட்டு உட்காருவது நல்லது. ஒரு நிறுவனத்தின் தலைவருக்கு விருது கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதவி மட்டுமே காரணம் என்றால், அந்த விருதை வேறு யாராவது அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர் போதும்: பள்ளி சார்பில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெவ்வேறு காலத்தில் படித்த மூன்று பேர். உறவினர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் அந்த முறை வாக்களிக்காமல் விலகிக்கொள்ள வேண்டும். மூன்று அல்லது நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு பேருக்கு விருது கொடுத்தால் பதின்மூன்றாவது ஆள்தான் எல்லோர் கண்ணிலும் படுவார்.

இன்னொன்று, பேசக் கூச்சமான விஷயம். பழைய ஆசிரியரையோ குருவையோ கௌரவிப்பதாக இருந்தால், சிறார் பாதுகாப்பு தொடர்பாக அவர்மேல் புகார் ஏதேனும் உண்டா என்று பள்ளி நிர்வாகத்திடமும் சபையிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். அவரால் பாதிக்கப்பட்ட ஒருவர் அதே அரங்கில் உட்கார்ந்து கைதட்டல் கேட்கும் நிலை வரக்கூடாது. 'நல்லவர், எல்லாருக்கும் தெரியும்' என்பது விசாரணை ஆகாது.

படி 5: பாராட்டுரை

இரண்டு மாதிரி:

"இவர் மருத்துவத் துறையில் அளப்பரிய சேவையாற்றி, பல்வேறு பொறுப்புகளை வகித்து, பள்ளிக்குப் பெருமை சேர்த்தவர்."

"இவர் மருத்துவமனையில் இரவுப் பணிச் செவிலியர். யாரும் உடனில்லாத நோயாளிகளின் குடும்பத்தைத் தேடிப் பிடித்துத் தகவல் சொல்வதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர்."

முதலாவதை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். இரண்டாவது இந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். நூறு சொற்களுக்குள் எழுதி, விருது பெறுபவரிடமே காட்டி, பெயர், முதலெழுத்து, படித்த ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். பட்டயத்தில் பிழையோடு பொறித்துவிட்டால் திருத்த முடியாது.

படி 6: திருப்பலி

நன்றித் திருப்பலியோடு தொடங்கினால் நாளே சீராக அமையும். முன்னாள் மாணவரே குருவாகி இருந்தால் அவரைத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை வைத்தால் ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடனும் நிறைவேறிவிடும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பலாம். வாசகங்களுக்கும் மன்றாட்டுகளுக்கும் முதிய அணியிலிருந்து ஒருவர், இளைய அணியிலிருந்து ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள்.

வகுப்பில் பாதிப் பேர் பிற சமயத்தவராக இருந்திருக்கலாம். நற்கருணை (திருப்பலியில் கொடுக்கும் அப்பம்) வாங்குவது கத்தோலிக்கர்களுக்கு உரியது, மற்றவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம் என்று தொடக்கத்திலேயே இதமாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் யாருக்கும் சங்கடம் இருக்காது. விருது வழங்குவதை ஆலயத்துக்குள் வைக்காதீர்கள். அதற்கு அரங்கம் இருக்கிறது.

படி 7: அரங்கு

வரவேற்புரை ஐந்து நிமிடம். ஒவ்வொரு விருதுக்கும் பாராட்டுரை, படம், விருதாளரின் பேச்சு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். சிறப்பு விருந்தினர் என்று தனியாக ஒருவர் வேண்டாம், விருதாளர்களே போதும். மேடையில் மைக் பிடித்தவரை இறக்குவதற்கு, அவருக்கு ஆசிரியராக இருந்த ஒருவரை முன்வரிசையில் உட்கார வைப்பதைவிட நல்ல வழி இல்லை. பெயர் அட்டையில் பெயரைவிட முடித்த ஆண்டைப் பெரிதாக அச்சிடுங்கள்; முகம் மறந்தவர்களுக்கு அதுதான் பிடி. அப்புறம் சாப்பாட்டுக்கும் அரட்டைக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பலர் வருவதே அதற்காகத்தான்.

படி 8: முடிந்த பிறகு

வரவு செலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் குழுவில் போடுங்கள், மிச்சம் எவ்வளவு என்பதோடு. அதை மாணவர் உதவித்தொகைக்குக் கொடுப்பதாக இருந்தால் பள்ளியின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். திரட்டிய முகவரிப் பட்டியலின் ஒரு பிரதியை, பகிரச் சம்மதித்தவர்களின் விவரங்களோடு மட்டும், பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தேர்வுக் குழு இந்த முறை பரிசீலித்தும் கொடுக்காமல் விட்ட பெயர்கள் இருக்குமே, அவற்றைக் கிழித்துப் போடாமல் ஒரு உறையில் போட்டு அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள்.