விடைக்கோழிகளைப் பழைய கோழிகளோடு சேர்க்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் சந்தையிலிருந்து இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத நான்கு விடைக்கோழிகளைச் சாக்கில் கொண்டுவந்து, நேராகத் தன் பழைய கோழிகளுக்கு நடுவே அவிழ்த்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பெரிய கோழி சின்னக்கோழியைக் கொத்தும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு ‘தனியாகத்தான் வைத்தேன்’ என்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். புதுக் கோழியைத் தனியாக வைத்தீர்களா என்று கேட்டால் ‘வைத்தேனே’ என்பார்கள். போய்ப் பார்த்தால் அதே கொட்டகையில் நடுவே ஒரு கம்பிவலை இருக்கும். அது கோழிகள் ஒன்றையொன்று பார்த்துப் பழகுவதற்கு. நோய்க்காகப் பிரித்து வைப்பது வேறு வேலை. முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

நான் ஐந்து விடைக்கோழிகளை வாங்கிவந்து, கொட்டகை ஓரத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அடைத்தேன். நன்றாகத் தின்றன. ஒரு வாரம் போனதும் திறந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் என் பழைய கோழிகளில் செவலை இறகைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். சாம்பல் கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய். என் பழைய கோழிகள் பன்னிரண்டில் மிஞ்சியது மூன்று.

வாங்கிவந்த ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை! தடுப்பூசி போட்ட கோழி தான் நோயில் விழாமலே கிருமியை எச்சத்தில் வெளியேற்றலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. பஞ்சாரத்துக்குத் தண்ணீர் வைத்த கையோடு, அதே செருப்போடு கொட்டகைக்குள் போய்வந்தவன் நான். பிப்ரவரியில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு அந்த வருடம் என் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போகச் சோம்பல்பட்டவனும் நான்தான்.

இந்த நோயின் அறிகுறி தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகலாம். அதனால் ஒரு வாரம் காணாது. மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். கொட்டகையிலிருந்து தள்ளி, முடிந்தால் வீட்டுக்கு மறுபுறம். தண்ணீர்ச் சட்டி தனி, செருப்பு தனி. காலையில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். அங்கிருந்து நேரே கொட்டகைக்குத் திரும்பாதீர்கள். குடற்புழு மருந்து கொடுப்பது, பேன் பார்ப்பது எல்லாம் இந்த நாட்களில் முடியட்டும். பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

கம்பிவலை அப்புறம்தான் வரும். அது ஒரு வாரம், பத்து நாள் இருந்தால் போதும்.

ராத்திரியில் உள்ளே விட்டால் விடிந்ததும் ராசியாகிவிடும் என்று நம்புவது

ஆகாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் அப்போதைக்கு அமைதி. சண்டை விடிகாலைக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நீங்கள் எழுந்து போவதற்குள் நெருக்கடியான கூட்டில் ஓட இடமில்லாமல் ஒன்று மாட்டிக்கொள்ளும். ராத்திரி விடுவதானால் பொழுது புலரும்போதே கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

எல்லோருக்கும் முட்டைக்கோழித் தீவனம்

முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டை வைக்கத் தொடங்காத விடைக்கோழிக்கு ஏறக்குறைய 1 சதவீதம் போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனத்தையே போட்டுவிட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வேண்டிய கோழி தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

ஒரே தீனித்தட்டு

இரண்டு வையுங்கள், தள்ளித் தள்ளி. தண்ணீரும் அப்படியே.

கம்பெடுத்துக்கொண்டு ஓடுவது

கொண்டையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். யாருக்கு யார் அடங்க வேண்டும் என்று அவை தீர்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பிரித்துப் பிரித்துவிட்டால் தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே தூக்கிவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளும் கூடிவிடும்.

ஒற்றை விடைக்கோழி

வாங்காதீர்கள். குறைந்தது மூன்று.