ஒற்றைச் செடி காய்க்காது: வீட்டில் டொமாட்டியோ

டொமாட்டியோ என்பது காகிதப் பை போன்ற உறைக்குள் காய்க்கும், தக்காளி போன்ற மெக்சிகோப் பச்சைக் காய். முதல் ஆண்டு நான் ஒரே ஒரு டொமாட்டியோ செடிதான் வைத்திருந்தேன். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. கிளைக்குக் கிளை மஞ்சள் பூ. ஒவ்வொரு பூவின் நடுவிலும் மை தொட்டு வைத்ததுபோல் கரும்பழுப்புப் புள்ளிகள். காலையில் எண்ணினால் முப்பது, நாற்பது பூக்கள் இருக்கும். இரண்டு மூன்று நாளில் அவை காம்போடு உதிர்ந்து மண்ணில் கிடக்கும். உரம் போதவில்லையோ என்று உரம் வைத்தேன். தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தேன். "ஒன்று போதும், நன்றாகப் படரும்" என்று நாற்று விற்றவர் சொல்லியிருந்ததால் வேறு எதையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. செடியில் எந்தக் குறையும் இல்லை. துணைக்கு இன்னொரு செடி இல்லாததுதான் குறை.

அதனால் இதை வளர்க்க விரும்பும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: குறைந்தது இரண்டு செடி வையுங்கள். டொமாட்டியோவின் மகரந்தம் அதே செடியின் பூவில் விழுந்தால் காய் பிடிக்காது. வேறொரு செடியிலிருந்து வந்தாக வேண்டும். தக்காளியும் கத்தரியும் ஒற்றையாக இருந்தாலும் காய்த்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் தனியாக வைத்துவிட்டு ஏமாறுகிறோம். இருக்கும் செடியில் ஒரு கிளையை வெட்டி வேர் பிடிக்கவைத்து அதையே இரண்டாவது செடியாக்கினாலும் பயனில்லை, அது அதே செடியின் நகல்தான். தனித்தனி விதையிலிருந்து முளைத்தவையாக இருக்க வேண்டும். இடம் இருந்தால் மூன்றாக வைப்பேன். ஒன்று பட்டுப்போனாலும் மற்ற இரண்டும் காய்க்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. tomatillo என்ற எழுத்தைப் பார்த்துப் பலர் 'டொமாட்டில்லோ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்த இரட்டை l எழுத்துக்கு 'ய' ஓசை. மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும் இதன் தாயகம். ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே இதைப் பயிரிட்டார்கள். நடு மெக்சிகோவில் இன்றும் வெறுமனே 'தொமாத்தே' என்றால் இந்தப் பச்சைக் காய்தான். சிவப்புத் தக்காளிக்கு 'ஹிதொமாத்தே' என்று வேறு பெயர். நம் வேலியோரத்தில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளி இதே பைசாலிஸ் என்ற தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. அதைப் பார்த்திருந்தால் காயைச் சுற்றிய காகிதப் பை புதிதாகத் தோன்றாது. அர்ஜென்டினாவின் படகோனியாப் பகுதியில் கிடைத்த, இந்தப் பேரினத்துப் புதைபடிவக் காய்களைப் பற்றி 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வயது 5.2 கோடி ஆண்டுகள். காயைச் சுற்றிய அந்தப் பையின் நரம்புகள்கூடப் பாறையில் பதிந்திருக்கின்றன.

விதையைத் தக்காளி விதைபோலவே கையாளலாம். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மண்ணை 21 முதல் 27 டிகிரி வரை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். உறைபனி விழும் ஊரானால், கடைசிப் பனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்துக்கொள்ளுங்கள். குளிர் முற்றிலும் விட்ட பிறகே வெளியே நட வேண்டும். ஒரே இரவுப் பனி செடியைக் கருக்கிவிடும். நடும்போது அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணில் புதைப்பேன். புதைந்த தண்டிலிருந்தும் வேர் இறங்கும். செடிக்குச் செடி முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இடைவெளி தேவை. தொட்டியானால் செடிக்கு ஒன்றாக, 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி. இரண்டையும் அருகருகே வையுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

இது நிமிர்ந்து நிற்கும் செடி அல்ல. கிளைகள் பக்கவாட்டில் நீண்டு, காய் பிடித்ததும் பாரம் தாங்காமல் தரையில் சாயும். காற்றடித்தால் கணுவோடு முறியும். நட்ட அன்றே மூன்று கழிகளை ஊன்றி, வளர வளரக் கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நன்றாகக் காய்த்த கிளைதான் முதலில் முறியும். தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம், இலை மட்டுமே செழிக்கும். நடும்போது மக்கிய எருவைக் கலந்தால் போதும். மண் ஒரே சீராக ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. இலையின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறை புரட்டிப் பாருங்கள். அசுவினியோ வண்டின் முட்டைக் கூட்டமோ இருந்தால் விரலாலேயே நசுக்கிவிடலாம். சென்ற பருவத்தில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ நின்ற மண்ணைத் தவிருங்கள். அவற்றின் நோய்களே இதற்கும் வரும்.

பூக்கும் காலத்தில் தேனீக்கள் வர வேண்டும். தேனீ எட்டாத உயரத்திலோ கண்ணாடி அறைக்குள்ளோ வளர்ப்பவர்கள் மெல்லிய ஓவியத் தூரிகையை எடுத்து, ஒரு செடியின் பூவில் தடவி அடுத்த செடியின் பூவில் தடவலாம். காலை நேரம் நல்லது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இரண்டு செடி இருந்தும் பூ உதிரும். அப்போது பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெப்பம் தணிந்ததும் மறுபடி பிடிக்கும்.

இனி நான் மிக விரும்பும் கட்டம். பூ வாடியதும் அதன் அடியில் இருக்கும் பச்சைப் புல்லி வளரத் தொடங்கும். சில நாட்களில் அது சின்னக் கூண்டு விளக்குபோலத் தொங்கும்: ஐந்து மூலை, இலை நரம்பு, கீழ்நுனியில் ஒரு முனை. எடுத்த எடுப்பில் முழு அளவு வந்துவிட்டதுபோல் தோன்றும். விரல்களால் லேசாக அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று. நடுவில் பட்டாணி அளவுக்கு ஏதோ உருளும். அதுதான் காய். அது வாரக்கணக்கில் பெருத்து உறையின் சுவரைத் தொட வேண்டும். அழுத்தினால் எங்கும் இடைவெளி தெரியாமல் இறுகி இருக்கும்போது பறிக்கலாம். அதற்கும் ஒரு படி மேல், உறை வைக்கோல் நிறமாகிக் கீழே வெடித்துப் பச்சைத் தோல் எட்டிப் பார்ப்பது. நாற்று நட்ட நாளிலிருந்து இதற்கு 60 முதல் 80 நாள் ஆகும். உறை பெரிதாகிவிட்டதே என்று முந்திப் பறித்தவற்றில் புளிப்பும் இருக்காது, சாறும் இருக்காது, வெறும் கசப்புதான். அதேபோல மஞ்சளாகும்வரை விட்டால் புளிப்பு போய் இனிப்பு வந்துவிடும். சமையலுக்குப் பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே வேண்டும். தானாக உதிர்ந்து மண்ணில் கிடப்பவை பெரும்பாலும் சரியான பதத்தில் இருக்கும். தினமும் குனிந்து பொறுக்குங்கள்.

உறையை உரித்தால் விரலில் பிசின் ஒட்டும். காய் கெட்டுவிட்டது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள், இயல்பே அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் போட்டால் அந்தப் பிசின் கசக்கும். உறை, இலை, தண்டு எதையும் உண்ணக் கூடாது.

மெக்சிகோவின் பச்சைச் சாறு, அதாவது சட்னிபோல் அரைக்கும் சால்சா வெர்தே, இந்தக் காய்க்காகவே உண்டானது. அரை கிலோ காய், காரத்துக்கேற்ப இரண்டோ மூன்றோ பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, கால் பகுதி வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு. பச்சையாகவே அரைத்தால் நாக்கு கூசும் புளிப்பு. அடுப்பின் மேல் அனலில் தோல் கருகச் சுட்டு அரைத்தால் புகை மணமும் இனிப்பும் சேரும். சுட்டதைத்தான் பலரும் புகழ்வார்கள். எனக்கு வேகவைத்தது. காயையும் மிளகாயையும் தண்ணீரில் போட்டு மெல்லக் கொதிக்கவிட்டு, பக்கத்தை விட்டு நகராமல் நில்லுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசி நிறமாக மாறும். அந்த நிறம் வந்ததும் வடித்துவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் போனால் தோல் வெடித்துச் சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஆறவைத்து, பூண்டும் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள்.

ஒரு கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, அரைத்ததை அதில் ஊற்றிக் கிளறினால் வேறொரு சுவை வரும். சடசடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறம் ஆழ்ந்து கெட்டிப்படும். இதில் கோழியோ பன்றி இறைச்சியோ மெல்ல வேகலாம். வறுத்து அரைத்த பூசணி விதையைக் கலந்தால் மெக்சிகர்களின் பிப்பியான் வெர்தே குழம்பு. குளிர்பெட்டியில் வைத்த சாறு மறுநாள் கூழாக உறைந்திருந்தால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். காயில், கூழாக உறையவைக்கும் பெக்டின் மிகுதி. இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

பறித்த காயை உறையோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் வாடாது. அதற்கு மேல் சேர்ந்தால் உரித்து, கழுவி, துடைத்து, முழுக் காயாகவே உறையவையுங்கள். சமைக்கும்போது உருகவிடத் தேவையில்லை, கல்லாக இருக்கும்போதே கொதிநீரில் போடலாம்.