இடுப்பு எலும்பு முறிவு அறுவையில் ரத்த இழப்பைக் குறைக்கும் முறை

45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் உடலில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 3 லிட்டர்தான். அவருடைய இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவையில் உறிஞ்சு குடுவையில் சேர்ந்தது 200 மில்லிலிட்டர் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்க, மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 8-க்கு இறங்கி நிற்பதைக் காணும் இளம் மருத்துவர் குழம்பிப்போவது இயல்பே. குடுவைக்கு வராத ரத்தம் தொடைத் தசைகளுக்குள் கசிந்து தங்கியிருக்கிறது. அந்தக் கசிவு விழுந்த நொடியிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே ரத்தத்தைக் காக்கும் வேலையும் அறுவை அரங்கில் தொடங்குவதாக இருக்கக் கூடாது.

முதலில் எக்ஸ்ரேயில் முறிவின் இடத்தைப் பார்க்க வேண்டும். மூட்டு உறைக்குள் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தால், உறையே கசிவை ஓரளவு கட்டுப்படுத்தும். உறைக்கு வெளியே முறிந்திருந்தால் அந்தத் தடை இல்லை. எலும்பின் உள்ளே உள்ள மஜ்ஜைக் குழிக்குள் ஆணி செலுத்திப் பொருத்தும்போது கீறல் சிறியதாக இருந்தாலும் மறைவான இழப்பு பெரிதாகவே இருக்கும். சிறு கீறலைக் காட்டி ஆறுதல் கொள்வது இங்கே ஏமாற்றத்தில்தான் முடியும்.

சேர்க்கையின்போது ஹீமோகுளோபின், ரத்த வகை, எதிர்ப்பொருள் சோதனை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். விழுந்த இடத்திலேயே பல மணி நேரம் கிடந்து நீர்ச்சத்து வற்றிய நோயாளியின் முதல் ஹீமோகுளோபின் அளவு உண்மையைவிட உயர்வாகத் தோன்றும் என்பதால், சலைன் ஏற்றிய பிறகு மறுபடியும் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு வைட்டமின் கே-வை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழே இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். அபிக்ஸபான் போன்ற புதிய உறைவுத் தடுப்பு மருந்துகளுக்கு, கடைசி மாத்திரை எப்போது விழுங்கப்பட்டது, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்ற இரண்டையும் வைத்தே காத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஆஸ்பிரின் அறுவைக்குத் தடையில்லை. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் குளோபிடோக்ரலுக்காக ஒரு வாரம் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். படுக்கையில் கிடக்கும் அந்த நாட்கள் நோயாளிக்குச் செய்யும் கேடு, கூடுதலாகக் கசியும் ரத்தத்தைவிட மோசமானது. முதுகில் மரப்பு ஊசி போடலாமா, முழு மயக்கம் கொடுக்கலாமா என்பதை மட்டும் மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்யட்டும்.

1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம், விலையும் குறைவு, பயனும் தெளிவு. உருவான ரத்தக்கட்டியை உடல் கரைத்துவிடாமல் அது தடுக்கிறது. கீறலுக்கு முன் 1 கிராம், அல்லது கிலோவுக்கு 15 மி.கி., சுமார் 10 நிமிடங்களில் மெதுவாக ரத்தக்குழாயில் செலுத்துவது பரவலான முறை. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். புதிய ரத்த உறைவு உள்ளவருக்கும் வலிப்பு வரலாறு உள்ளவருக்கும் தனியாக யோசிக்க வேண்டும். இதன் ஆம்ப்யூல் (சிறு மருந்துக் குப்பி) முதுகில் போடும் மரப்பு மருந்தின் ஆம்ப்யூலைப் போலவே தோற்றமளிக்கலாம். தவறி முதுகுத்தண்டில் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

அரங்கில் உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் மந்தமாகிவிடும். எனவே வெப்பக் காற்றுப் போர்வையும் சூடாக்கிய சலைனும் வேண்டும். ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி ரத்தக் கசிவைக் குறைக்கும் உத்தி, முதியவரின் மூளைக்கும் இதயத்துக்கும் ஒத்துவராது.

ரத்தம் ஏற்றும் முடிவில்தான் பழக்கம் அறிவை முந்துகிறது. 2011-இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், இதயநோயோ அதற்கான அபாயக் காரணிகளோ இருந்த 2016 இடுப்பு முறிவு நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபினை 10-க்கு மேல் வைத்திருக்க ரத்தம் ஏற்றினார்கள். மறு பிரிவினருக்கு 8-க்குக் கீழே இறங்கினாலோ அறிகுறி தோன்றினாலோ மட்டும் ஏற்றினார்கள். 60 நாட்களுக்குப் பிறகு இறப்பிலும் நடக்கும் திறனிலும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே 8 என்பதை எல்லையாகக் கொண்டு, நெஞ்சுவலி, சலைனுக்கு அடங்காத படபடப்பு, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை இருக்கின்றனவா என்று நோயாளியையும் பார்க்க வேண்டும். ஏற்றினால் ஒரு பை மட்டும். அது ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். மறுபடி சோதித்த பிறகே அடுத்த பையைப் பற்றிப் பேச வேண்டும். மெலிந்த முதியவருக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால், பெரும் ரத்தப்போக்கு இல்லாதபோது 3 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆனால் 4 மணி நேரத்தைத் தாண்டாமல் ஏற்றி முடிக்க வேண்டும்.

வார்டில் தினமும் பெரிய குழாய்களில் ரத்தம் எடுப்பதும் இழப்புதான். குழந்தைகளுக்கான சிறு குழாய்கள் போதும். ஹீமோகுளோபினை முதல் நாளோடு நிறுத்தாமல் மூன்றாம் நாள் வரை பார்க்க வேண்டும். உறைவுத் தடுப்பு ஊசியைத் தொடரும் ஒவ்வொரு காலையிலும் காயத்தின் மேலுள்ள கட்டுத்துணியை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், தொடை பருத்து இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டும் பார்க்க வேண்டும்.